டிரெய்லரை மாட்டிவிட்டு மைலேஜைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் இன்ஜின்களை ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையோடு ஓர் அட்டவணை இருந்தது. ஒரு பக்கம் மைலேஜ், இன்னொரு பக்கம் அதிகபட்ச இழுவை எடை. இரண்டு எண்ணும் எந்த இன்ஜினுக்கு அதிகமோ அதை வாங்குங்கள் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அதை நம்பி ஒருவர் வண்டி எடுத்தால், பாரம் இழுக்கிற ஒவ்வொரு மாதமும் எரிபொருளுக்குக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் என் மைத்துனரும் அமெரிக்காவில் சிறிய அளவில் மண்வேலை எடுத்துச் செய்கிறோம். வடிகால் வெட்டுவது, கட்டட அஸ்திவாரத்துக்குத் தோண்டுவது, மண் நிரவுவது போன்ற வேலைகள். மினி எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம். மிஷின், டிரெய்லர், வாளிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 7,000 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்குச் சற்று மேல். முன்பு நான் வைத்திருந்தது பெட்ரோல் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். இப்போது வைத்திருப்பது டர்போ, அதாவது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, உள்ள ஆறு சிலிண்டர் வி6 பெட்ரோல். மைத்துனர் ஓட்டுவது மூன்று லிட்டர் டீசல். ஒரே மிஷினை இன்றைக்கு நான் இழுப்பேன், நாளைக்கு அவர் இழுப்பார். ஒரே பாரம், ஒரே சாலை, வேறு வேறு இன்ஜின். ஆகவே சொந்தக் கையில் பார்த்ததையே எழுதுகிறேன்.

கட்டுரையில் இருந்த மைலேஜ் எண்கள் எல்லாம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வண்டியின் கண்ணாடியில் ஒட்டச் சொல்லும் ஸ்டிக்கரிலிருந்து எடுத்தவை. எண்களில் தவறு இல்லை. ஆனால் அந்தச் சோதனை டிரெய்லர் இல்லாத வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது. நகர ஓட்டம், நெடுஞ்சாலை, ஏசி, குளிர் எல்லாம் அதில் உண்டு. பின்னால் பாரம் மட்டும் கிடையாது. காலி வண்டியின் கணக்கு அது.

இழுவை எடைக்கு வேறொரு சோதனை. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த அதன் பெயர் ஜே2807. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து யூனியன் பாஸ் வரை ஏறும் 11.4 மைல் ஏற்றம்தான் அதன் அடிப்படை. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத நாளில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் பலமுறை கிளம்பிக் காட்ட வேண்டும். டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவுக்கே இதை ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகள் சில வருடம் கழித்துத்தான் வந்தன. கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் ஏறும்போது எவ்வளவு எரிபொருள் குடித்தது என்று அதில் யாரும் கேட்பதில்லை.

ஆக, மைலேஜ் எண்ணில் பாரம் இல்லை, பாரம் எண்ணில் மைலேஜ் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால், இத்தனை பவுண்டை இழுத்துக்கொண்டே இத்தனை மைல் போகும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்.

கட்டுரையில் அதிகம் பாராட்டப்பட்டது டர்போ பெட்ரோல். ஃபோர்டு 2011 மாடலில் எஃப்-150 வண்டிக்கு 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ற டர்போ வி6 கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். 2022-ல் டொயோட்டா டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8-ஐ நிறுத்திவிட்டு, இரட்டை டர்போ வி6 போட்டது. 2025 மாடலில் ராம் 1500 வண்டியிலிருந்து 5.7 ஹெமி வி8 போய், மூன்று லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கேட்டு, 2026 மாடலுக்கு ஹெமியும் திரும்பி வந்திருக்கிறது. செவர்லே சில்வரடோவில் நாலே சிலிண்டர் உள்ள 2.7 லிட்டர் டர்போ இன்ஜின் 430 பவுண்டு-அடி டார்க், அதாவது சுழற்றும் விசை, கொடுக்கிறது. அதே வண்டியின் 5.3 லிட்டர் வி8 கொடுப்பது 383. டார்க் அதிகம் உள்ளதுதான் அதிகம் இழுக்கும் என்று கட்டுரையில் இருந்தது. இங்கே அது பொருந்தவில்லை. அதிகபட்ச இழுவை எடை அந்த வி8-க்குத்தான் அதிகம். ரேடியேட்டர், கியர்பாக்ஸ், ஆக்சில், சேசிஸ் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற எண் அது.

டர்போ பெட்ரோல் காலியாகப் போகும்போது சிக்கனமாக இருப்பதற்குக் காரணம் இன்ஜின் சின்னது என்பதுதான். சமதளத்தில் டர்போவுக்கு வேலையே இருக்காது. பாரத்தை மாட்டி ஒரு நீளமான ஏற்றத்தில் ஏறினால் கதை மாறிவிடும். என் வண்டியில் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் இருக்கிறது. காலியாகப் போகையில் அது அடியிலேயே கிடக்கும். மிஷினோடு மேடு ஏறும்போது ஏறிப்போய் மேலேயே நின்றுவிடும். அப்போது இன்ஜினுக்குள் போகிற காற்று ஒரு பெரிய வி8 இழுக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலும் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. அழுத்தமும் சூடும் ஏறினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அதைத் தவிர்க்கக் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், பல இன்ஜின்களில் சிலிண்டரையும் டர்போவையும் குளிர்விக்கத் தேவைக்கு மேல் கொஞ்சம் பெட்ரோலும் விடும். அந்தப் பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாது. பாரம் இழுக்கும்போது ஆக்டேன் அதிகமுள்ள பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்லி இந்த மாதிரி வண்டிகள் சிலவற்றின் கையேட்டிலேயே இருப்பது இதனால்தான். கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் பழைய வி8-க்கும் இப்போதைய டர்போவுக்கும் காலி ஓட்டத்தில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. மிஷினை மாட்டிவிட்டால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. இரண்டும் கேலனுக்குப் பத்து மைல் பக்கம்தான் வருகின்றன. நம் கணக்கில் லிட்டருக்கு நாலே கால் கிலோமீட்டர்.

அதற்காக டர்போ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மலைப்பகுதியில் இழுக்கிறவருக்கு அது பெரிய வரம். டர்போ இல்லாத இன்ஜின் உயரம் போகப்போக மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத சக்தி போய்விடும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் வி8 மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஏறும். மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் டர்போவுக்கு அந்தச் சிரமம் மிகவும் குறைவு. அப்புறம் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே டார்க் கிடைத்துவிடும். 2021 எஃப்-150-ல் ஈகோபூஸ்டுக்கும் ஐந்து லிட்டர் வி8-க்கும் அதே 400 குதிரைசக்திதான். ஆனால் டார்க் 500-க்கு 410. அதுவும் ஈகோபூஸ்ட் நிமிடத்துக்கு 3,100 சுழற்சியிலேயே அதைக் கொடுத்துவிடும். வி8-ஐ 4,000-க்கு மேல் கத்தவிட வேண்டும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தமே அலுப்பு. டர்போவை வாங்குவதென்றால் இதற்காக வாங்கலாம். பாரத்தோடும் மைலேஜ் கொடுக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

டீசல் விஷயத்தில் கட்டுரையாளர் போதிய அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம். பாரத்தோடு மைலேஜ் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு டீசலில்தான் போய் நிற்கும். ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் வெப்பசக்தி அதிகம். டீசல் இன்ஜின் காற்றை மிக அதிகமாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. தட்டுமே என்று பயந்து ஸ்பார்க்கைத் தள்ளிப்போடவோ, குளிர்விப்பதற்காக எரிபொருளைக் கொட்டவோ அதற்கு அவசியம் கிடையாது. பாரம் ஏறும்போதும் அதன் சிக்கனம் பெட்ரோல் அளவுக்குச் சரிவதில்லை. 2020 மாடல் சில்வரடோவின் மூன்று லிட்டர் டுராமேக்ஸ் டீசல், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியில், நெடுஞ்சாலை மைலேஜ் கேலனுக்கு 33 மைல் என்று ஸ்டிக்கர் வாங்கியது. பிக்கப்பில் அது சாதாரண எண் கிடையாது. என் மைத்துனர் மிஷினோடு ஒரே டேங்கில் போய்த் திரும்பும் தூரத்துக்கு நான் நடுவில் நின்று பெட்ரோல் போட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. கேலனுக்கு எத்தனை மைல் என்று பேசுவதே பாரம் இழுப்பவருக்குச் சரியான அளவு இல்லை. காலியாக ஓட்டும்போது பெட்ரோல் 20, டீசல் 26 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஆறு மைல். பாரத்தோடு பெட்ரோல் 9, டீசல் 12. வித்தியாசம் மூன்றே மைல். பார்த்தால் டீசலின் லாபம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று போட்டுப் பாருங்கள். காலியாக 5 கேலனும் 3.8 கேலனும், மிச்சம் 1.2 கேலன். பாரத்தோடு 11.1 கேலனும் 8.3 கேலனும், மிச்சம் 2.8 கேலன். லாபம் இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்க ஸ்டிக்கரிலேயே 2013 மாடலிலிருந்து நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணையும் சின்னதாக அச்சடிக்கிறார்கள். உங்கள் அட்டவணையில் போட வேண்டியது அந்த எண்தான்.

டீசலின் சுமைகளையும் சொல்லிவிட வேண்டும். வண்டி விலை அதிகம், எரிபொருளும் பல இடங்களில் பெட்ரோலைவிட விலை கூடுதல். புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல் தனியாக ஊற்ற வேண்டும், எரிபொருள் ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கும். அது நன்றாகச் சூடேறினால்தான் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். மைத்துனர் ஒரு சமயம் வேலை பக்கத்திலேயே இருந்ததால் தினமும் நாலைந்து மைல் மட்டும் ஓட்டினார். வண்டி சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவார். வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிந்து, சக்தி குறைந்து ஊர்ந்துகொண்டு வந்தது. பாரத்தை மாட்டி நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்ட பிறகுதான் சரியாயிற்று. டீசல் வாங்குகிறவர் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போகிறவருக்கு அது வேண்டாம்.

எஃப்-150, ராம் 1500, சில்வரடோ போன்ற, அமெரிக்காவில் அரை டன் என்று அழைக்கும் இந்த வகுப்பில் டீசல் கிடைப்பதே இப்போது குறைந்துவிட்டது. ஃபோர்டு 2018-ல் கொண்டுவந்த மூன்று லிட்டர் டீசலை 2021-ல் நிறுத்தியது. ராம் 1500-ன் ஈகோடீசல் 2023-ல் முடிந்தது. சில்வரடோவைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தொடர்ந்து கொடுக்கிறது. பழைய வண்டி தேடுகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்மின்ஸ், பவர் ஸ்ட்ரோக், பெரிய டுராமேக்ஸ் ஆகிய டீசல் இன்ஜின்கள் உள்ள கனரகப் பிக்கப்புகளுக்கு உங்கள் அட்டவணையில் மைலேஜ் கட்டம் காலியாக இருந்தது. அச்சுப்பிழை என்று வாசகர்கள் நினைத்திருக்கலாம். வண்டியும் அதில் ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்த அனுமதி எடை 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்ற சட்டமே அங்கே கிடையாது. இழுப்பதற்கென்றே வாங்கும் வண்டிகளுக்கு அதிகாரப்பூர்வமான மைலேஜ் எண் இல்லை! இதை ஒரு வரி அடிக்குறிப்பாகவாவது போட்டிருக்கலாம்.

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் பற்றிச் சுருக்கமாக: எஃப்-150 பவர்பூஸ்ட், டண்ட்ராவின் ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் இரண்டும் நகருக்குள் நின்று நின்று போகும்போது நன்றாக மிச்சம் பிடிக்கும். பாரத்தோடு நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போகும்போது பிரேக்கிலிருந்து பிடித்துவைக்க மின்சாரம் அதிகம் கிடைக்காது. கடைசியில் இழுப்பது அதே பெட்ரோல் இன்ஜின்தான்.

கட்டுரையில் வராத ஒன்று இறக்கம். 7,000 பவுண்டு பின்னால் தள்ளிக்கொண்டு வரும்போது மலையிலிருந்து இறங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரிய டீசல்களில் டர்போவின் இறக்கைகளை மூடிப் புகையை மறித்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. என் பழைய வி8 கியரைக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும். சின்ன டர்போ பெட்ரோல் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இன்ஜின் சின்னது என்றால் பிடிமானமும் சின்னது. நான் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில்தான் இறங்குவேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்ஜின் தேர்வில் கிடைக்கும் மிச்சத்தைவிட வலது காலில் கிடைக்கும் மிச்சம் பல சமயம் அதிகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 65 மைலில் போகிறவர் 75-க்குப் போனால் காற்று மூன்றில் ஒரு பங்கு அதிகமாக எதிர்க்கும். சமதளத்தில் தட்டையான டிரெய்லரில் ஏற்றிய மிஷினைவிட, எடை குறைந்த ஆனால் உயரமான பெட்டி டிரெய்லர் அதிக எரிபொருள் குடிப்பதும் இதனால்தான். ஒருமுறை நண்பர் ஒருவரின் பெட்டி டிரெய்லரைச் சும்மா காலியாக இழுத்து வந்தேன். எதிர்க்காற்று வேறு. என் மிஷினை இழுக்கும்போது ஆகிற பெட்ரோல் அதற்கும் ஆயிற்று.

இன்னொன்று ஆக்சில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். 3.15, 3.55, 3.73, 3.92 என்று ஒரே இன்ஜினுக்கே பல உண்டு. எண் பெரியதானால் இழுவை கூடும், காலி மைலேஜ் குறையும். ஒரே மாடல், ஒரே இன்ஜின், ஆக்சில் மட்டும் வேறு என்றால் இழுவை எடை ஆயிரக்கணக்கான பவுண்டு மாறும். அட்டவணையில் மைலேஜுக்கு ஒரு ஆக்சில் உள்ள வண்டியையும் இழுவைக்கு வேறு ஆக்சில் உள்ள வண்டியையும் எடுத்து ஒரே வரியில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. தயவுசெய்து சரிபாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான சின்ன ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் செய்யும் வண்டியில் அந்த எண் 1,500 ஆக இருக்கலாம். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச், அதாவது டிரெய்லரை மாட்டும் இணைப்பு, மேல் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லர் வாலாட்டும். 8,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 12 சதவீதத்தில் 960 பவுண்டு. மிச்சம் 540. மூன்று பேர் உட்கார்ந்து, பின்னால் ஒரு கருவிப்பெட்டி வைத்தால் முடிந்தது. இன்ஜினுக்கு இன்னும் தெம்பு இருக்கும், ஆனால் வண்டியின் முதுகு அதற்குமேல் தாங்காது. வசதிகள் கூடக்கூட, வண்டியின் சொந்த எடை ஏறி இந்த எண் இன்னும் குறையும்.

அதே பக்கத்தில் ஒரு வாசகர், வருடத்தில் இரண்டு மூன்று முறை 4,500 பவுண்டு முகாம் வண்டியை இழுக்க எந்த இன்ஜின் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். இருப்பதிலேயே பெரிய டீசலை வாங்கச் சொல்லிப் பதில் வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் வருடம் முழுக்கக் காலியாகத்தான் ஓட்டப்போகிறார். அவருக்கு அந்தக் கண்ணாடி ஸ்டிக்கர் எண்ணே சரியான எண். 2.7 லிட்டர் டர்போ பெட்ரோல் தாராளமாகப் போதும். கூடுதல் விலையும் யூரியாவும் வடிகட்டிக் கவலையும் இல்லாமல் ஓட்டலாம். வாங்கும் முன் கதவைத் திறந்து அந்தத் தூண் ஸ்டிக்கரை மட்டும் கட்டாயம் படிக்கட்டும். அதில் 4,500-ல் எட்டில் ஒரு பங்கையும், குடும்பத்தின் எடையையும், மூட்டை முடிச்சுகளையும் கழித்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் முன்பணம் கொடுக்கலாம். இந்தப் பதிலை அவருக்கு உங்கள் பக்கத்தின் வழியாகச் சேர்ப்பித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டும் உங்கள் வாசகர்